முதல் நாடகத்தின் படம்

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாகேஸ்வரன் ஓடினான். மதியம் பெய்த மழையில் சரிவு முழுக்கச் சேறாகிக் கிடந்தது. சற்று முன்புதான் அவன் மனைவி சூடாமணி, அவன் உத்தியோகம் பார்க்கும் சர்க்கார் கச்சேரி வாசலுக்கே வந்து நின்றாள்.

"அத்தையைக் காணல்ல. டாக்டர் எழும்பப்பிடாதுன்னு சொல்லியிருக்காரு. நான் குளிச்சிட்டு வரதுக்குள்ள ரிக்‌ஷாவில ஏறிப் போயிட்டாவ. மியூசியத்துக்குன்னு அடுத்த வீட்டில சொல்லுதா. அங்க அவியளுக்கு என்ன சோலி?"

என்ன சோலி என்று அவனுக்குத் தெரியும். "நீ வீட்டுக்குப் போ, நான் கூட்டிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னான்.

மியூசியம் முன்பு நாடகக் கொட்டகையாக இருந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் அங்கே நடந்த முதல் நாடகத்தில் அம்மா நடித்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. ஆண்களே பெண் வேஷம் கட்டிய காலத்தில் அந்தக் கம்பெனியில் இருந்த ஒரே பெண் அவள். இது சூடாமணிக்கும் தெரியாது, கச்சேரியிலும் யாருக்கும் தெரியாது. அம்மா தென்காசியில் வீட்டோடு இருந்தவள் என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

போன வருஷம் மியூசியம் திறந்தபோது, தெரிந்தவர்கள் வராத காலை நேரமாகப் பார்த்து அம்மாவை அழைத்துப் போனான். மேடைச் சுவரில் அந்த முதல் நாடகத்தின் படம் மாட்டியிருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டும் வசனமும் காதால் கேட்டுப் பாடமானவை.

"என் பேரு எங்கடே இருக்கு?" என்று கேட்டாள்.

கீழே பதினோரு ஆண்களின் பெயர்கள் இருந்தன. கடைசியில் 'மற்றும் ஒரு நடிகை' என்றிருந்தது. அவன் அதில் விரலை வைத்து, "இந்தா, ரத்னாபாய்" என்றான். அம்மா அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள்.

அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது மியூசியம் குமாஸ்தா அவனைக் கூப்பிட்டு, படத்தில் இருக்கும் பெண்ணின் பெயர் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டான்.

இன்றைக்கு மியூசியம் வாசலில், போன வருஷம் இருவரையும் பார்த்திருந்த காவலாள் பிச்சையா எதிரே வந்தான்.

"ஸாரே, அம்மை மேடையில இருக்கா. மூச்சு வாங்குது. டாக்டருக்கு ஆள் விட்டிருக்கேன்."

"எதாவது சொன்னாளா?"

"படத்துக்குக் கீழ உள்ளத வாசிக்கச் சொன்னா. வாசிச்சேன். இன்னொரு தடவை வாசின்னா. பொறவு அப்படியே உக்காந்துட்டா."

பிச்சையா நாகேஸ்வரன் கையிலிருந்த செருப்பை வாங்கி ஓரமாக வைத்தான்.

பெஞ்சுகள் இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிகள் நின்றன. அவற்றுக்கு அப்பால் மேடை மட்டும் பழையபடியே இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா அவனைப் பார்த்தாள்.

"வந்துட்டியா. ஓடியா வந்தே? இப்படி வேர்த்திருக்கு." முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன.

"அம்மா, அந்த எழுத்து... நான் அன்னைக்கு..."

"பேசாம இருடே. மூச்சு முட்டுது."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தலையை அவன் தோளில் வைத்தாள். டாக்டர் இப்போது வந்துவிடுவார் என்றான். வீட்டில் கஞ்சி வைத்திருக்கிறது என்றான். வேறென்ன சொல்வதென்று தெரியாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிச்சையா குனிந்து அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். பிறகு தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அதைக் கண்ட பிறகே நாகேஸ்வரன் பேச்சை நிறுத்தினான்.

பார்க்க வந்தவர்கள் பெட்டிகளை விட்டு மேடைக்குக் கீழே கூடினார்கள். அவர்களில் கொல்லத்து விருந்தாளிகளுடன் வந்த அவனுடைய கச்சேரி மேலதிகாரியான சூப்ரண்டும் நின்றார்.

"நாகேஸ்வரா, இதாரு?"

அடுத்த வீட்டு அம்மை என்று சொல்லிவிடலாம். சூப்ரண்டு நம்பிவிடுவார். அம்மாவின் கனம் முழுவதும் அவன் தோளில் இருந்தது.

"என் அம்மா" என்றான். "ரத்னாபாய். இந்த மேடையில நடிச்சவ."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கட்டிய கூடம் அது. வாசலருகே நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்ரண்டு தொப்பியைக் கழற்றினார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிச்சையாவும் ரிக்‌ஷாக்காரனும் ஒரு கை கொடுக்க, அம்மாவை ரிக்‌ஷாவில் உட்கார்த்தி அவனும் ஏறிக்கொண்டான். தூறல் தொடங்கியிருந்தது.

"எந்த வழி போணும் ஸார்? பின்வழி போனா ஆளிருக்காது."

"மெயின் ரோட்டிலேயே போ."

கச்சேரி விட்ட நேரம். குடைகளோடு வந்தவர்கள் ரிக்‌ஷாவுக்கு ஒதுங்கி நின்றார்கள். சிலர் அவனை அடையாளம் கண்டுகொண்டு அருகே வந்தார்கள். ரிக்‌ஷாக்காரன் வண்டியை நிறுத்தி, மேலே சுருட்டி வைத்திருந்த மழைப் படுதாவை இறக்கிவிட வந்தான்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றான் நாகேஸ்வரன்.

வண்டி நகர்ந்தது. தூறல் இருவர் மடியிலும் விழுந்துகொண்டிருந்தது.