தடவிப் பார்க்காத சுவர்

சுவருக்குச் சுவர் தாவி ஓடும் பார்கூர் விளையாட்டைப் பழகுபவர்கள் எந்தச் சுவரில் போய் இறங்கப் போகிறார்களோ, அதன் விளிம்பை முதலில் கையால் தடவிப் பார்ப்பார்கள். கல் ஆடுகிறதா, பாசி பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் தாவுவதில்லை. பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எவ்ரியில் சொலேனைப் போல் இதில் கண்டிப்பானவர்கள் யாருமில்லை. தூறல் விழுந்தால் அவள் சுவரேற மாட்டாள். சத்தமில்லாமல் இறங்க வரும்வரை தரையிலேயே அதே தாவலைப் பழகுவாள். புதிதாக வந்தவர்கள் அவளைக் கன்னியாஸ்திரீ என்று கேலி செய்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து சிலர் கேமராவோடு வந்திருந்தார்கள். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சரிவுப்பாதை. அதன் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குத் தாவுவதைப் படம் பிடிக்க வேண்டும். தாவப் போகிறவன் தியெர்னோ. பள்ளி நாட்களிலிருந்து சொலேனோடு சேர்ந்து பழகுபவன். எதிர்ச்சுவரைப் பார்த்துவர அவள் போனாள். மேலே ஏறக் கட்டடத்தைச் சுற்றிப் போக வேண்டும். வெளிச்சம் போகிறது என்று கேமராக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். சுவர் காய்ந்த மாதிரிதான் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று தியெர்னோ கேட்டான்.

"பாத்துட்டேன். காஞ்சிருக்கு, வா."

அவன் கால் பட்ட இடத்தில் பாசி இருந்தது. அவன் வழுக்கி அவள் காலடியிலேயே வந்து விழுந்தான்.

உடைந்த கணுக்காலில் மருத்துவமனையில் தகடு வைத்தார்கள். தகவல் தெரிந்து ஓடிவந்த அவன் அம்மா ஐசாத்தா, சொலேனைக் கட்டிக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்ததால பொழச்சான்மா" என்று அழுதாள். சொலேன் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பயிற்சிக்குப் போகவும் மனம் வரவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனாள். தியெர்னோ காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான்.

"நான் அந்தச் சுவரத் தொடவே இல்ல," என்றாள். "கீழ நின்னே சொன்னேன்."

அவன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"தெனமும் அந்தத் தாவலையே மனசுல ஓட்டிப் பாக்கறேன். எங்க தப்பு பண்ணேன், பயந்தேனா, அவசரப்பட்டேனான்னு. இனிமே என் உடம்ப நம்ப முடியாதுன்னே முடிவு பண்ணிட்டேன். கால் போனா போகட்டும். இத எதுக்கு இத்தன நாள் என்னையே சுமக்க விட்ட?"

"பயமா இருந்துது."

"பரவால்லன்னு சொல்லுவேன்னு வந்தியா? சொல்ல மாட்டேன். கெளம்பு."

வாசலில் ஐசாத்தா மறித்தாள். கடலைக் குழம்பும் சோறும் ஆகிவிட்டதாம். சாப்பிடாமல் விட மாட்டாளாம். அங்கேயே நின்றபடி அவளிடமும் சொலேன் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஐசாத்தா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சொலேன் போய்விட்டாள்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு தியெர்னோவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: 'படிக்கட்டு இறங்கணும். வா.'

அவர்கள் குடியிருப்பில் மின்தூக்கி பழுதாகிக் கிடந்தது. அவன் கைப்பிடியைப் பற்றியபடி முதல் படியில் காலை வைத்தான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"பிடிக்கட்டுமா?"

"வேணாம். எனக்கு முன்னாடி போ. விழுந்தா ஒம்மேல விழறேன்."

அவள் முன்னால் போய், அவனைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினாள். கீழே வந்து சேர்ந்ததும் அவன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

"நாளைக்கும் வா," என்றான். "ஆனா எங்கிட்ட எதுவும் பேசாத."

மறுநாளும் போனாள். பேசவில்லை.