மிளகாய் இல்லாத பந்தி

திருமங்கலத்துச் சமையல்காரி மாயக்காள் வைக்கும் குழம்பு செங்கல் நிறத்தில் இருக்கும். அந்தக் காரத்துக்காகவே கல்யாண வீட்டுக்காரர்கள் அவளைத் தேடி வருவார்கள். அதனால் காவ்யஸ்ரீ வந்து கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மிளகாயே இல்லாம முந்நூறு பேருக்குப் பந்தியா? விளையாடுறியா தாயி?"

காவ்யஸ்ரீ விளையாடவில்லை. காளவாசலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிரிதரனின் மகள் அவள். சிறுவயதிலிருந்தே மிளகாய் ஆகாது. ஒரு துணுக்கு பட்டாலும் உதடு வீங்கி மூச்சு முட்டும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தயிர்சாத டப்பாவோடு மண்டபத்து மூலையில் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு வருபவள்.

"என் கல்யாணத்துலயாவது எல்லாரோடயும் உக்காந்து, எல்லாரும் சாப்பிடுறதையே சாப்பிடணும்க்கா. மிளகு என்னைய ஒண்ணும் செய்யாது."

மாயக்காள் சிரிப்பை நிறுத்தினாள். "மிளகுல ரசம் வைக்கலாம், பொங்கல் போடலாம். குழம்பு, குருமா, ஊறுகாய்க்கு எங்க போறது?"

"மிளகாய் கப்பல்ல வந்ததுதானக்கா. மிளகு மாதிரி உறைக்குதுன்னுதான் அந்தப் பேரே வந்துச்சாம். அது வர்றதுக்கு முன்னாடியும் இங்க கல்யாணம் நடந்திருக்கும்ல?"

அந்தக் கேள்வி மாயக்காளுக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த இரண்டு வாரம் அவள் வீட்டில் ஒரே தும்மல். தாளிப்பு வேலை பார்க்கும் அவள் புருஷன் பேயாண்டிதான் எல்லாவற்றையும் ருசி பார்த்தான். மிளகாய்ப்பொடி போடும் அளவுக்கே மிளகைப் போட்டு வைத்த முதல் குழம்பில், அவன் பேச முடியாமல் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினான்.

"மிளகாய் நாக்குலயே கடிச்சிரும். இது தொண்டைக்குள்ள போனப்பறம்ல வேலையைக் காட்டுது!" என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அளவைக் குறைத்து, கொத்தமல்லி விதையோடு வறுத்து அரைத்தாள். குழம்பு பதமாக வந்தது. குருமா கறுக்காமலிருக்கத் தோல் நீக்கிய வெள்ளை மிளகு போட்டாள். சிறுமலையிலிருந்து பச்சை மிளகைக் கொத்துக்கொத்தாக வாங்கி வந்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஊறுகாய் போட்டாள்.

தை மாதத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்திக்கு இலை போடும் நேரம். பேயாண்டி, முப்பது வருஷக் கைப்பழக்கத்தில், தாளிப்புப் பெட்டியின் அடியில் கிடந்த வற்றல் மிளகாயை ஒரு கை அள்ளி எண்ணெயில் போட்டுக் குழம்பில் கொட்டிவிட்டான். கொட்டியபின்தான் உறைத்தது.

"ஏ புள்ள... எடுத்துப் போட்டுட்டா யாருக்கும் தெரியாதுல்ல?"

"அந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டுறப்பத் தெரியும்."

மாயக்காள் நேராக மணப்பெண் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். தாய் ஹம்சவேணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். காவ்யஸ்ரீயின் முகம் வாடியது. பிறகு கேட்டாள்: "வேற வைக்க எம்புட்டு நேரமாகும்க்கா?"

"முக்கா மணி நேரம் குடு தாயி."

அந்த அண்டா அப்படியே பின்வாசல் வழியாக வெளியே போனது. நல்லவேளை, அரைத்த பொடி மிச்சமிருந்தது. மாயக்காள் கையைத் தேய்த்துக் கழுவி, புது அண்டா ஏற்றினாள். பேயாண்டியைத் தாளிப்புப் பக்கமே விடவில்லை. கிரிதரன் மைக்கைப் பிடித்து, "குழம்பைக் கொட்டிட்டோம், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று உள்ளதைச் சொன்னார். பசியோடிருந்த கூட்டம் சிரித்துவிட்டது.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வெங்கடேஷ்பாபுவின் பக்கத்தில் காவ்யஸ்ரீ உட்கார்ந்தாள். சோற்றில் குழம்பைப் பிசைந்து வாயில் வைத்தாள். சமையல்கட்டு வாசலில் மாயக்காள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹம்சவேணி மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவ்யஸ்ரீ பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். மாப்பிள்ளை பதறித் தண்ணீரை நீட்டினான்.

"ஒண்ணுமில்லை, காரம்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."

அதன்பின் குருமா கேட்டாள், ஊறுகாய் கேட்டாள், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். மணப்பெண் எழுந்திருப்பதாக இல்லை.