சாதாரணத் திறமையுள்ள ஆள்

நிலக்கரித் தூசி படியும் நெய்வேலி நகரியத்தில் வெள்ளைச் சட்டை எடுப்பவரைத் துணிக்கடைக்காரர் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார். ஊருக்குப் புதிய ஆளா, இல்லை மனைவிமேல் ஏதாவது கோபமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பதினேழாம் பிளாக்கில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. அது வெள்ளை என்பது ஓர் ஐப்பசி அடைமழையில்தான் வெளியே தெரிந்தது. தெரிந்ததும் வளர்த்தவர்களே, "இது யாரு வூட்டுப் பூனை?" என்று துரத்திவிட்டார்கள். நம்பாதவர்கள் பிளாக்கில் விசாரித்துக்கொள்ளலாம். பூனையைக் காட்டச் சொன்னால் மட்டும் முடியாது. அது மறுபடியும் சாம்பல் நிறமாகி வேறு வீட்டில் சாப்பிடுகிறது.

அந்த பிளாக்கில்தான் தெய்வசிகாமணி குடியிருந்தார். சுரங்கத்தில் பம்ப் பராமரிப்புப் பிரிவு, பெர்மனெண்ட். காலையில் அவர் வீட்டு வாசலில் ஒரு சத்தம் கேட்கும். 'விர்ர்' என்று ஒரு மூச்சு, பிறகு அமைதி, மறுபடியும் ஒரு 'விர்ர்'. ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடும் கையடக்க எந்திரம் அது. குழாயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் குழலைப் போட்டு விசையை அழுத்தினால் போதும், பீய்ச்சி அடித்து வண்டியைக் கழுவிவிடும். பிளாக் முழுக்க அவருக்கு 'மோட்டார் அண்ணன்' என்றே பெயர்.

அன்றும் கழுவிக்கொண்டிருந்தார். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி விஜயகுமாரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வலக்கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கை போனதோடு பேச்சும் போய்விட்டது. அப்போதுதான் போன் அடித்தது. காப்புரிமைக்கு விண்ணப்பித்துக் கொடுத்த ஏஜெண்ட் சங்கீதா, சென்னையிலிருந்து பேசினாள்.

"சார், ஆய்வறிக்கை வந்துடுச்சு. ஆட்சேபணை போட்டிருக்காங்க."

"என்னாம்மா ஆட்சேபணை? அப்ளிகேஷன் சரியாத்தானே குடுத்தோம்?"

"ரெண்டு வெளிநாட்டு ஆவணம் காட்டறாங்க. ஒண்ணு, பேட்டரியில ஓடற வாட்டர் ஜெட். இன்னொண்ணு, துணியை ஊற வச்சுத் துவைக்கிற மெஷின். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, விட்டு விட்டு அடிச்சு அழுக்கை ஊறவைக்கணும்னு இந்தத் துறையில சாதாரணத் திறமையுள்ள யாருக்கும் தோணிடுமாம். அதனால இது கண்டுபிடிப்பு இல்லைன்னு சொல்றாங்க."

சட்டத்தில் அப்படி ஓர் ஆள் உண்டு. பெயர் கிடையாது, 'சாதாரணத் திறமையுள்ளவர்' என்பார்கள். உலகின் எந்த மூலையில் எந்த மொழியில் அச்சானதையும் அவர் ஒரு வரி விடாமல் படித்திருப்பார். அவ்வளவு படித்தும் புதிதாக ஒன்றும் அவருக்குத் தோன்றாது. ஷிப்ட் இல்லை, ஓவர்டைம் இல்லை, ரிட்டயர்மெண்டும் இல்லை. ஆனாலும் ஒரு பொருளைப் பார்த்து, 'இது எனக்கே தோன்றியிருக்குமே' என்று அவர் தோளைக் குலுக்கிவிட்டால், அதற்குக் காப்புரிமை கிடையாது.

"அந்த ஆளு எந்த ஊரும்மா? நான் நேர்ல போயி நாலு வார்த்தை கேட்டுக்கினு வந்துடறேன்."

"சார், அப்படி ஒரு ஆளே கிடையாது. சட்டம் கற்பனை பண்ணிக்கிட்ட ஆள்."

"இல்லாத ஆளுக்கு எப்படிம்மா தோணும்?"

சங்கீதா சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற ஆனியில் ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். வாசலில் உள்ள பெயர்ப்பலகையைத் தம் கையாலேயே கழற்ற வேண்டும். காடாம்புலியூரில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் போய் ஒண்டினால், அங்கே அவர் 'தம்பியோட அண்ணன்', அவ்வளவுதான். தம் பெயர் இனி எங்காவது எழுத்தில் நிற்கும் என்றால் அது இந்தக் காப்புரிமையில்தான் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் இப்போது வேட்டு.

"இதுல என்ன பெருசா இருக்குன்னு கேக்கறாங்க சார். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேங்கறாங்க" என்றாள் சங்கீதா.

எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. தெய்வசிகாமணியின் கை விசையிலிருந்து நழுவியது. அந்த வாக்கியம் வேறு யாருடையதும் அல்ல. அவருடையது. அதைச் சொன்ன இடமும் இதே வராந்தாதான்.

எந்திரத்தை அவர்தான் செய்தார்; அதில் சந்தேகமில்லை. மோட்டார், பேட்டரி, குழல் எல்லாம் அவர் கைவேலை. ஆனால் ஆரம்பத்தில் அது ஒரு வண்டியைக் கழுவி முடிப்பதற்குள் மூச்சை விட்டுவிடும். நெய்வேலித் தூசி லேசுப்பட்டதல்ல. ஒரே மூச்சாகத் தண்ணீர் அடித்தால் தூசி சேறாகி, வண்டியோடு கல்யாணம் பண்ணிக்கொண்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். அவர் பெரிய மோட்டார் போட்டார். பேட்டரி இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. அதைவிடப் பெரிய மோட்டார் போட்டார். எதிர்வீட்டுத் துணிக்கொடி அறுந்து, அதிலிருந்த லுங்கி மந்தாரக்குப்பம் வரை பறந்ததாகச் சொல்வார்கள். வண்டி மட்டும் வெளுக்கவில்லை.

ஒருநாள் அவர் ஷிப்டுக்குப் போயிருந்தபோது விஜயகுமாரி எந்திரத்தை எடுத்து வண்டியைக் கழுவினாள். திரும்பி வந்தவர் தெருமுனையிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டார். அழுத்துகிறாள், விடுகிறாள், அழுத்துகிறாள், விடுகிறாள்.

"ஏய், கைய எடுக்காத! மோட்டாரை இப்படி விட்டு விட்டுப் போட்டா வீணாப் போவும். முப்பது வருசமா பம்ப் பாக்கறவன் சொல்றேன்."

"இருங்க, கொஞ்சம் ஊறட்டும். அடிபுடிச்ச குண்டானை எடுத்த எடுப்புல தேய்ப்பாங்களா? தண்ணி உள்ள எறங்கணும். அப்புறம் அடிச்சா அதுவா பேந்துக்கினு வரும்."

"குண்டானும் மெஷினும் ஒண்ணாடி?"

அவள் அவருடைய வண்டியை முடித்து, பக்கத்து வீட்டு வண்டியையும் கழுவி வைத்தாள். பேட்டரி அப்போதும் தீரவில்லை. மறுநாள் தெய்வசிகாமணி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிறிய டைமர் வாங்கி வந்து மாட்டினார். அதன்பிறகு எந்திரம் தானாகவே விட்டு விட்டு அடித்தது. மோட்டாரும் வீணாகப் போகவில்லை.

நகரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் உத்தரவு போட்டு வந்ததல்ல, தானாகப் படிந்தது. குவார்ட்டர்ஸ் வேலை பார்ப்பவர் பெயரில். மருத்துவ அட்டையும் அவர் பெயரில். வீட்டுக்காரம்மா அதில் 'டிபெண்டண்ட்' என்று ஒரு வரி. கணவனின் எம்ப்ளாயி நம்பரைத் தன் பெயருக்கு முன்னால் சொல்லிப் பழகிய பெண்கள் அங்கே ஏராளம். ஆகவே விண்ணப்பம் போடும்போது சங்கீதா போனில், "கண்டுபிடிச்சவங்க பேர் சொல்லுங்க சார்" என்று கேட்டதும், தெய்வசிகாமணி பழக்கதோஷத்தில் தம் பெயரைச் சொல்லி எம்ப்ளாயி நம்பரையும் சேர்த்துச் சொன்னார்.

"நம்பர் வேணாம் சார். வேற யார் பேராவது சேர்க்கணுமா?"

"யாரும் இல்லம்மா."

அவர் போனை வைத்த பிறகு விஜயகுமாரி கேட்டாள். அவரை விதையைத் தொட்டிக்குள் ஊன்றிக்கொண்டே, பெரிய விஷயம் இல்லை என்பதுபோலக் கேட்டாள்.

"அதுல என் பேரு வராதா?"

அவர் சிரித்தார். "ஊற வச்சிக் கழுவறது எந்த வூட்ல இல்ல? அதுல என்னா பெருசா இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் மண்ணை அமுக்கினாள். மூன்று மாதம் கழித்து அடுப்படியில் விழுந்தாள். அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

ஆட்சேபணைக்குப் பதில் போனது. அது போதாமல், கடைசியில் வீடியோவில் விசாரணை வைத்தார்கள். தெய்வசிகாமணி போனை ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டு, சலவைச் சட்டையோடு உட்கார்ந்தார். திரையில் ஒரு கட்டத்தில் சங்கீதா, இன்னொரு கட்டத்தில் ஆய்வதிகாரி. நடுவயதுப் பெண், நிதானமான குரல். சங்கீதா பதிலைத் தயாரித்துக் கொடுத்திருந்தாள்: 'பல்லாண்டு அனுபவத்தாலும் தொடர்ந்த ஆராய்ச்சியாலும் இந்த முறையை நான் கண்டறிந்தேன்.' அவர் அதைப் பள்ளிக்கூடத்துப் பையன்போல் மனப்பாடம் செய்திருந்தார்.

அதிகாரி கேட்டார்: "தெய்வசிகாமணி சார், நான் குறை சொல்லணும்னு கேட்கல. பம்ப் தெரிஞ்ச ஒரு ஆள் இந்த ரெண்டு ஆவணத்தையும் பார்த்தா, இது அவருக்குச் சுலபமாத் தோணியிருக்காதா? ஏன் தோணியிருக்காதுன்னு நீங்க சொல்றீங்க?"

அவர் வாயைத் திறந்தார். 'பல்லாண்டு அனுபவத்தாலும்' வரை வந்தது. பக்கத்து நாற்காலியில் விஜயகுமாரி அவர் சட்டைக் காலரில் இருந்த நூல் பிசிறு ஒன்றை இடக்கையால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தோணலைங்க" என்றார்.

"புரியல சார்."

"எனக்குத் தோணலைங்க. நீங்க சொல்ற அந்த சாதாரணத் திறமையுள்ள ஆளு நான்தாங்க. முப்பது வருசம் பம்ப் பாத்தேன். எனக்குப் பெரிய மோட்டார் போடத்தான் தோணுச்சு. விட்டு விட்டு அடிக்காதன்னு திட்டினவன் நான். என் கீழ வேலை பாத்த கான்ட்ராக்ட் பசங்க அத்தினி பேருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். இது என் சம்சாரம் பண்ணதுங்க. பேரு விஜயகுமாரி. அவ பேரைப் போடாம என் பேரைப் போட்டுக்கினேன்."

சங்கீதாவின் கட்டம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தால், அவள் கண் மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது.

அதிகாரி கொஞ்சநேரம் எழுதினார். பிறகு, "அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேட்கலாமா?" என்றார்.

தெய்வசிகாமணி போனைத் திருப்பினார். "வணக்கம்மா. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்று அதிகாரி கேட்டார். விஜயகுமாரி திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. தொண்டையில் ஏதோ ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பேச வாயெடுத்த காலத்தில் ஒருநாளும் அவர் முடிக்கவிட்டதில்லை. இப்போது காத்திருந்தார். அதிகாரியும் காத்திருந்தார். சென்னையில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இங்கே ஒரு காகம் கத்தியது. ஒரு சொல்லும் வரவில்லை.

"பரவாயில்லம்மா" என்று அதிகாரி சொன்னார். அந்தக் குரல் மட்டும் அதுவரை இருந்த குரல் அல்ல. பெயரைத் திருத்த முறைப்படி விண்ணப்பம் போட வேண்டும், அவர் சொன்னதைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், முடிவு எழுத்தில் வரும் என்று சொல்லி விசாரணையை முடித்தார்.

சங்கீதா உடனே போன் பண்ணினாள். "ஏன் சார் இதை முதல்லயே சொல்லல? டைமர் மாட்டினது நீங்க. ரெண்டு பேர் பேரையும் அன்னைக்கே போட்டிருக்கலாமே! ஒரு வரி சார். ஒரே ஒரு வரி."

"எனக்கு ஒரு வரிதான்மா. அவளுக்கு அது எவ்ளோ பெருசுன்னு கேக்காம போயிட்டேன். இப்ப கேட்டா சொல்ல அவளால ஆவல." பிறகு, "அவ பேரை முன்னால போடு" என்றார்.

காப்புரிமை கிடைத்தது. அவர் ஒப்புக்கொண்ட முட்டாள்தனமே முக்கியமான சாட்சியாக நின்றது என்று சங்கீதா சொன்னாள். தெய்வசிகாமணி அதை பஜாரில் நல்ல கெட்டித் தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து மனைவியின் மடியில் வைத்தார்.

"விஜயா, பாரு. உன் பேரு. மொத பேரு."

அவள் பார்த்தாள். பேச்சோடு எழுத்தும் போயிருந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார். அவள் விரலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அழுகிறாரே என்று பார்த்தாள். பிறகு தாளை இடக்கையால் எடுத்து இரண்டாக மடித்து, முக்காலியில் ஆறிக்கொண்டிருந்த அவருடைய காப்பி டம்ளரைத் தூசி விழாமல் மூடி வைத்தாள்.

அவர் அதை எடுக்கவில்லை. டம்ளரும் தாளும் அப்படியே இருக்கும்போதுதான் பஜாரில் டீக்கடை வைத்திருக்கும் நைனா முகமது, சமோசாப் பொட்டலத்தோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"மோட்டார் அண்ணே, மாஷா அல்லா! பிளாக்குக்கே பேரு வாங்கிக் குடுத்திட்டீங்களே! இந்தாங்க, சூடா இருக்கு."

"நான் வாங்கல நைனா. இவ வாங்கினது."

"அண்ணி பக்கத்துல இருந்ததே உங்களுக்குப் பெரிய பலம்தானே!" என்று அவர் விஜயகுமாரியின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி தெய்வசிகாமணியின் கையைக் குலுக்கினார்.

தெய்வசிகாமணி அந்தக் கையை விடவில்லை.

"இந்த சமோசா மாவு யாரு பதம்?"

"எங்க வூட்ல சித்தீகாதான். வேற யாரு? நான் பிசைஞ்சா செங்கல்தான் வரும்."

"ஊருக்குள்ள இதுக்கு என்னா பேரு?"

"நைனா சமோசா." சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். "கடை என் பேர்லதானேண்ணே இருக்கு. அவளும் ஒண்ணும் கேக்கலையே."

"இவ கேட்டா நைனா. ஒரே ஒருதரம் கேட்டா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு சொல்லி வாய அடச்சிட்டேன். தினமும் கண்ணுல பட்டுக்கினே இருக்கிறதால, வூட்டுப் பொம்பளை பண்றதெல்லாம் தானா நடக்குதுன்னு நெனச்சிக்கிறோம். தானா எதுவும் நடக்கலடா. ஒரு மனுசியோட மூளை அதுல வேலை செய்யுது. நீ வூட்டுக்குப் போ. அவ காதால கேட்டு, வாயால 'ஆமா'ன்னு சொல்றப்பவே அவ பேரைச் சொல்லிடு. தாமசமாக் குடுக்கிற பேரு காயிதத்துக்குத்தான் போயி சேரும், ஆளுக்குப் போயி சேராது."