முழு ஒரு நிமிடம்

நர்ஸ் படிப்பு முடிந்து நான்கு வருடமாகியும் அவளுக்கு வேலை அமையவில்லை. போன இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். வீட்டில் அவள் நாடி பார்க்காத ஆளில்லை. "கையப் பிடிச்சே எங்க உயிர எடுக்கறா" என்பான் தம்பி.

இன்றைய நேர்காணலில் தலைமை நர்ஸ் சான்றிதழ்களை மூடிவிட்டுத் தன் கையை நீட்டினார். "நாடி பாரும்மா."

இருபதாவது துடிப்புக்குப் பின் ஒன்று வரவில்லை. ஏன்? வந்த காரியமே மறந்துபோய், முழு நிமிடமும் எண்ணினாள்.

"அறுபத்தெட்டு. நடுவுல மூணு தடவை தவறுது மேடம். எத்தனை நாளா இப்படி?"

"பத்து வருஷமா. டாக்டருக்குத் தெரியும். காலைலேருந்து எட்டுப் பேர் கால் நிமிஷத்துல கைய விட்டுட்டாங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடும்மா."

அவள் இன்னும் கையை விடவில்லை. "மறுபடி ஒருதரம் பாக்கட்டுமா மேடம்?"