ஒரு நூல் பெரிதாக

சின்னம்மா மூன்று பட்டன்களை மாட்டிவிட்டு நான்காவதற்கு வருவதற்குள் முதல் பட்டன் கழன்றுகொண்டது. அதை மாட்டினால் இரண்டாவது. அம்மாவைக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தியாகிவிட்டது, பச்சைச் சட்டையை மட்டும் மூட முடியவில்லை.

"என்ன சட்டைடி இது? ஒரு பட்டனும் நிக்க மாட்டேங்குது. காஜாவை இவ்வளவு பெருசா எந்தக் கூறுகெட்டவ எடுத்தா?"

கட்டிலின் மறுபக்கம் நின்று அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த மகள் குனிந்து ஒரு சிக்கைப் பிரித்தாள். பட்டன் நுழையும் ஓட்டைக்குத்தான் காஜா என்று பெயர். தொழிற்சாலையில் அவளுக்குக் காஜா மெஷினில்தான் வேலை. ஒரு மிதி மிதித்தால் ஊசி சுற்றி ஓடி வரும், கத்தி நடுவில் இறங்கும், அவ்வளவுதான். அவள் எடுத்த காஜாவை எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற சூப்பர்வைசர்கூடக் குறை சொன்னதில்லை. சின்னம்மா தேடுகிற கூறுகெட்டவள் அவள்தான்.

போன வருஷம் பக்கவாதத்தில் அம்மாவின் வலது கை விழுந்துபோனது. பயிற்சி கொடுக்க வந்த பெண், "தினம் அவங்க சட்டைக்கு அவங்களே பட்டன் போடட்டும், அவசரப்பட்டு நீங்க போட்டுவிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன! காலையில் எழுந்ததும் அம்மா பட்டனோடு மல்லுக்கட்டுவாள். தோற்றதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பிறகு சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டாள். ஒரு கட்டத்தில் பயிற்சியே வேண்டாம் என்றுவிட்டாள். மகளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா தூங்கும்போது சட்டையை எடுத்து, காஜாவின் ஓரத் தையலைப் பிரித்து, பிளேடால் ஒரு நூல் அளவு கீறி, அதே நிற நூலால் சுற்றித் தைத்து வைத்தாள்.

மறுநாள் பட்டன் உள்ளே போனது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரையும் பக்கத்து வீட்டு டீச்சரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். "இப்பல்லாம் சொன்ன பேச்சு கேக்குது பாருங்க" என்று கையைக் குழந்தையைப் போலத் தடவிக்கொடுத்தாள். அதற்கப்புறம் மகளால் நிறுத்த முடியவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு சட்டை, அதற்கடுத்த ஞாயிறு இன்னும் ஒரு நூல். அம்மா மளமளவென்று தேறினாள். பழையபடி அப்பாவோடு சண்டை போட்டாள். துணி காயப்போடும் வேலையையும் அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். நேற்றுக் காலை துணியைக் காயப்போட்டுவிட்டுக் காலி வாளியோடு இறங்கும்போதுதான் மாடிப்படியில் விழுந்தாள். மகள் வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் பேசி வைத்ததுபோல ஒன்றையே சொன்னார்கள். "கை நல்லாயிடுச்சுங்கற தைரியத்துல ஏறியிருக்காங்க, பாவம்." அந்தத் தைரியத்தைத் தைத்துக் கொடுத்தது யார் என்று மகளுக்கு மட்டும்தான் தெரியும். தானே அம்மாவைத் தள்ளிவிட்டதாக நினைத்தாள்.

"நேத்து போட்டிருந்தாளே, நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டை, காஜான்னா அது காஜா," சின்னம்மா சட்டையைக் குத்துவதற்கு ஊக்கைத் தேடிக்கொண்டே சொன்னாள். "அத்தனை பட்டனும் கச்சிதமா போட்டிருந்தா. கழட்டறதுக்குள்ள எனக்கு நகம் பேந்துடுச்சு."

மகளின் கையில் சீப்பு நின்றது. மஞ்சள் சட்டை போன வாரம்தான் வந்தது. அதில் அவள் இன்னும் பிளேடு வைக்கவில்லை.

மூலையில் சுருட்டிக் கிடந்ததை எடுத்து ஒரு பட்டனை நுழைத்துப் பார்த்தாள். அவள் விரலுக்கே முரண்டு பிடித்தது. அப்படியென்றால் அம்மாவுக்கு நிஜமாகவே கை வந்துவிட்டது. கால் வழுக்கியிருக்கும், தலை சுற்றியிருக்கும், யாருக்கும் நடக்கக்கூடியதுதான். செத்த வீட்டில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

அப்பா கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நேத்து இந்தச் சட்டைக்கு அம்மாவே பட்டன் போட்டுக்கிட்டாங்களா?"

அப்பா குழாயை மூடினார். சட்டையைப் பார்த்தார்.

"நான்தான் போட்டுவிட்டேன்."

அவள் நின்றாள்.

"ரொம்ப நேரம் போராடிப் பாத்தா. ஒண்ணுகூட ஏறல. அப்புறம் அந்தப் பச்சைச் சட்டையை எடுத்துட்டு வந்து, ரெண்டு காஜாவையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தா."

"என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்றது? தடவிக்கிட்டே உக்காந்திருந்தா. 'தையல் போட்டதே தெரியல பாருங்க'ன்னா. அப்புறம் என்னைப் போட்டுவிடச் சொன்னா."

"தெரிஞ்சும் எதுக்கு மாடிக்குப் போனாங்க? நீங்க எதுக்கு விட்டீங்க?"

"நான் போறேன்னுதான் சொன்னேம்மா. கேக்கல." அப்பா டம்ளரைக் கவிழ்த்தார், மறுபடி நிமிர்த்தினார். "'நீங்க காயப்போட்டா ஒரே சுருக்கமா இருக்கும், சாயங்காலம் வந்து எடுக்கும்போது கண்டுபிடிச்சுடுவா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரியவேணாம்'னா. ஏதோ நல்லா இருந்தோமே, இப்படியே இருந்துட்டுப் போவோம்னா."

உள்ளேயிருந்து சின்னம்மா ஊக்குக் கிடைத்துவிட்டது என்று கூப்பிட்டாள். மகளுக்கு அழுகை வரவில்லை. அப்பாவிடம் சட்டையைக் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள்.

நேற்றுப் போட்ட துணி இன்னும் கொடியிலேயே இருந்தது. அம்மா காயப்போட்டால் ஒரு துணிக்கு ஒரு கிளிப்தான் இருக்கும். ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே என்று எல்லாம் கோணலாகத் தொங்கும், மகள் தினமும் பார்த்துக்கொண்டு பேசாமல் எடுத்துப்போவாள். நேற்று ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப். தலையணை உறை, அப்பாவின் வேட்டி, அவளுடைய தொழிற்சாலைக் கோட்டு, எல்லாம் நன்றாக உதறி, சுருக்கம் நீவி, ஒரே மட்டமாகப் போட்டிருந்தது. வராத கையை வைத்துக்கொண்டு அம்மா எவ்வளவு நேரம் மல்லுக்கட்டியிருப்பாள்.

கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து விறைத்திருந்தது. எடுக்காமல் இறங்கினாள்.