யாருடைய வெங்காயம்

பிராகோ வானொலியில் சொன்ன கதையைப் பிராகோவுக்கே சொல்லிக்கொண்டு வந்தான் டாக்ஸிக்காரன். குமாசி நகரத்தில் அவள் குரலை அறியாதவர்கள் குறைவு. முகத்தை அறிந்தவர்களும் குறைவுதான். வாயைத் திறந்தால் அடையாளம் தெரிந்துவிடும். டாலர் எப்போது இறங்கும், பெட்ரோல் எவ்வளவு ஏறும் என்று வீடு போய்ச் சேரும்வரை விடமாட்டார்கள். அதனால் டாக்ஸியில் ஏறினால் போகவேண்டிய இடத்தை முனகலாகச் சொல்லிவிட்டு, தலைவலிக்காரியைப் போலக் கண்களை மூடிக்கொள்வது அவள் வழக்கம்.

"வெங்காயம் ஏன் இந்த விலை விக்குதுன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கறாங்கக்கா. விஷயம் ரொம்ப சாதாரணம்," என்றான் அவன். "ஒரே முற்றத்துல பதினஞ்சு குடித்தனம் இருக்குன்னு வச்சுக்கங்க. நைஜர் நாடு அதுல ஒரு குடித்தனம், நம்ம நாடு இன்னொண்ணு. அந்த வீட்டு வாசல்ல காவலுக்கு நின்ன பய, வீட்டுப் பெரியவரையே ரூம்ல தள்ளிப் பூட்டிட்டு, இனிமே நான்தான் எசமான்ங்கறான். மத்த குடித்தனக்காரங்க சும்மா இருப்பாங்களா? அவன்கூட யாரும் கொடுக்கல் வாங்கல் வச்சுக்கக் கூடாதுன்னு கேட்டை இழுத்து மூடிட்டாங்க. நம்ம வெங்காயம் கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு!"

ஒரு வார்த்தை பிசகாமல் சொல்கிறானே என்று பிராகோவுக்குக் கண்களை மூடியபடியே சிரிப்பு வந்தது. நிபுணர்கள் ஆங்கில வானொலிகளில் மணிக்கணக்காகப் பேசியும் புரியாத ஒன்று, சோளக்கஞ்சி ஆறுவதற்குள் இவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்காகத்தானே அவள் ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன்பே எழுந்து ஆங்கிலப் பத்திரிகைகளைப் பிரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு செய்தியையும் தன் ட்வி மொழியின் அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் இழுத்துவருகிறாள். பணவீக்கத்தை அவள் உலைப்பானைக்குள் ஊற்றும் தண்ணீராகச் சொன்னாள். பன்னாட்டு நாணய நிதியத்தை, கடன் கொடுத்த கையோடு வீட்டில் வந்து தங்கி, யார் எத்தனை துண்டு மீன் தின்கிறார்கள் என்று எண்ணும் மாமியாராக்கினாள். 'உங்க புண்ணியத்துல முதல் தடவையா என் புருஷன்கூட டாலரைப் பத்திச் சண்டை போட்டேன், ஜெயிச்சேன்' என்று ஒரு தையற்காரி நிலையத்துக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணை நினைத்தால் பிராகோவுக்கு இன்னமும் நெஞ்சு நிறையும்.

"ஆனா ஒண்ணு," டாக்ஸிக்காரன் தொடர்ந்தான். "அந்த வெங்காயம் பூரா திருட்டுப் பயலோடது. வித்த காசு நேரா அவனுக்குத்தான் போகுது. இன்னிக்குக் காலையில மார்க்கெட்ல நம்ம ஆளுங்க ஒரு நைஜர்க்காரன் கடையைக் கவுத்துட்டாங்க. மூட்டையெல்லாம் கிழிச்சு சாக்கடையில. நல்லா வேணும் அவனுக்கு."

"யாரோட கடை?" பிராகோ கேட்டுவிட்டாள்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. கண்ணாடியில் அவன் கண்கள் விரிந்தன. "ஆன்ட்டி பிராகோவா? ஐயோ, உங்களை வச்சுக்கிட்டே உங்க கதையை..."

"மார்க்கெட்டுக்குத் திருப்புப்பா."

போகிற வழியெல்லாம் அவன் பேசினான். அவள் காதில் எதுவும் விழவில்லை. முந்தாநாள் நிகழ்ச்சியின் கடைசி நிமிடம் திரும்பத் திரும்ப வந்தது. நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார், "அப்ப அந்த வெங்காயம் யாரோடது ஆன்ட்டி?" நிகழ்ச்சி முடியும் நேரம். சிரிப்போடு முடிப்பது அவளுடைய கெட்டிக்காரத்தனம். "வீட்டையே எடுத்துக்கிட்டவன் வெங்காயத்தை விட்டுவைப்பானா?" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் டென்கோராங் மேசையைத் தட்டிச் சிரித்தார். உடனே விளம்பரம் வந்தது.

அவள் பயந்தபடியே அது ஸக்காரியின் கடையாகத்தான் இருந்தது. பல வருஷமாக அவள் வெங்காயம் வாங்குவது அவரிடம்தான். அவரும் அவர் மனைவியும் குந்தியிருந்து சாக்கடை ஓரத்துச் சேற்றிலிருந்து வெங்காயங்களைப் பொறுக்கி வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தோல்கள் நடைபாதை முழுவதும் ஒட்டிக்கிடந்தன. பக்கத்துக் கடைக்காரி தன் குவியலை அடுக்கியபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஸக்காரி நிமிர்ந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"வாங்க ஆன்ட்டி. இன்னிக்கு சரக்கு கொஞ்சம் ஈரம்," என்றார்.

பிராகோ கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவர் எதிரே குந்தினாள். ஒரு வெங்காயத்தை எடுத்துக் கழுவினாள்.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல அண்ணே."

"தெரியும். நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நானும் சிரிச்சேன்." அவர் குரலில் சிரிப்பு இல்லை. "பதினஞ்சு வீடு சொன்னீங்க. பூட்டுன பய, பூட்டி வச்ச பெரியவர், கேட்டை மூடுனவங்க. நான் அதுல எந்த ரூம்ல இருந்தேன்? இந்த ஊர்லதான் பொண்ணு கட்டினேன். இங்கதான் என் பிள்ளைங்க ட்வியில சண்டை போடுதுங்க. உங்க கதையில எனக்கு ஒரு பாய் விரிக்கக்கூட இடம் இல்லையே ஆன்ட்டி?"

அவர் மனைவி அவளைப் பார்க்கவேயில்லை. வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

"நாளைக்குக் காலையில ரேடியோ ஸ்டேஷனுக்கு வாங்க. நீங்களே சொல்லுங்க," என்றாள் பிராகோ.

"என் ட்வியைக் கேட்டு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சா கேக்கறாங்கன்னு அர்த்தம்."

மறுநாள் காலையில் டென்கோராங்குக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மன்னிப்புன்னா ரெண்டு வரி படிச்சுட்டுப் போயேன். கடைக்காரனைக் கூட்டிட்டு வந்து மைக் முன்னாடி உக்காரவைப்பாங்களா? உன் வேலை எளிமையாச் சொல்றது. இது சிக்கலாக்கறது," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தான் இதுவரை எளிமையாக்கினோமா, இல்லை சிக்கலான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பரிமாறினோமா என்று பிராகோ இரவெல்லாம் புரண்டிருந்தாள். உலைப்பானையும் மாமியாரும் எல்லோருக்கும் சட்டென்று புரிகிறார்கள் என்றால், எல்லோரும் ஏற்கெனவே மாமியாரைத் திட்டத் தயாராக இருந்ததால்தானோ? வெங்காயக் கதையிலும் அப்படி ஒருவனைத் திட்டுவதற்குத்தான் ஊர் காத்திருந்ததோ? இருந்தாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஸக்காரி துவைத்துத் தேய்த்த நீல அங்கியில் வந்து, கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் பிராகோ நடந்ததைச் சொன்னாள். தன் வாயிலிருந்து வந்த வேடிக்கைப் பேச்சு ஒரு கடையைக் கவிழ்த்தது என்றும், அது தவறு என்றும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பிறகு ஸக்காரி பேசினார். தொலைபேசியில் முதலில் அழைத்தவன் அவர் உச்சரிப்பைப் பேசிக்காட்டி, 'வெங்காயம்' என்ற சொல்லை மூன்று விதமாக இழுத்துவிட்டு வைத்துவிட்டான். ஸக்காரி தொடர்ந்தார்.

"அந்த வெங்காயம் என் அக்காவோடது. ஆத்துத் தண்ணி இறைச்சு அவளும் மருமகளுங்களும் போட்டது. லாரி பெனின் நாட்டு எல்லையில நிக்குது. டிரைவர் போன்ல சொல்றான், அழுகுற வாடை தாங்க முடியலன்னு. நாட்டைப் பிடிச்சுக்கிட்டு அரண்மனையில இருக்குற சிப்பாய்க்கு என் அக்கா தோட்டம் எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது. சிப்பாய் நல்லவனா கெட்டவனான்னு என்னைக் கேக்காதீங்க. சிப்பாய்ங்க வந்த அன்னிக்கு என் தம்பி கொடி பிடிச்சுத் தெருவுல ஆடினான். அக்கா கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. ரெண்டு பேரும் ஒரே வீடுதான்."

தொலைபேசிகள் மின்ன ஆரம்பித்தன. ஒரு சமையற்காரி, தான் நாளையிலிருந்து அவரிடம்தான் வாங்குவேன் என்றாள். ஒரு வாத்தியார், எல்லையை மூடியதால் சிப்பாய்க்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். டென்கோராங் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 

அப்போது ஒரு பெண் குரல் வந்தது. "நான் அவருக்குப் பக்கத்துக் கடைதான். அண்ணே, நல்லாப் பேசறீங்க. கடையைக் கவுத்தது தப்புதான், நான் தடுத்திருக்கணும், தடுக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். எல்லை மூடறதுக்கு முன்னாடியே வந்த பழைய சரக்கு உங்ககிட்ட மூட்டை மூட்டையாக் கிடந்துச்சு. அதுக்கும் ஒரே ராத்திரியில விலையை ரெட்டிப்பாக்குனீங்களே, அது எதுக்கு?"

ஸக்காரி பிராகோவைப் பார்த்தார். பிராகோ உதவிக்கு வரவில்லை.

"எல்லையை மூடுன அன்னிக்கே ஆன்ட்டி ரேடியோவுல இனி விலை ஏறும்னு சொன்னாங்க," என்றார் மெதுவாக. "ஏத்திட்டேன். அடுத்த லாரி வருமான்னு தெரியல. வராட்டி பிள்ளைங்களுக்கு எதை வச்சுச் சோறு போடுவேன்? நீங்க மட்டும் ஏத்தலையா தங்கச்சி?"

"ஏத்தினேன்," என்றாள் அந்தப் பெண். "நானும் ஆன்ட்டி சொன்னதைக் கேட்டுத்தான் ஏத்தினேன். உங்க கடையைக் கவுத்த கூட்டம் என் கடைக்கு வரல. உங்க பேச்சு வேறன்னு உங்களை அடிச்சாங்க. அவ்வளவுதான்."

 விலை ஏறும் என்று பிராகோ சொன்னது பொய்யில்லை. லாரிகள் நின்றது உண்மை. ஆனால் லாரிகள் நின்றதால் ஏறவேண்டிய விலை ஊருக்கு வந்துசேரும் முன்பே, அவள் சொன்ன விலை வந்துசேர்ந்திருந்தது. அது அவளுக்கு எந்தப் பத்திரிகையிலும் படிக்கக் கிடைத்திருக்காது.

"அப்ப ஆன்ட்டி," பக்கத்துக் கடைக்காரி இன்னும் தொலைபேசியில் இருந்தாள். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "சூப்புல வெங்காயம் போட முடியாத பொம்பளை யாரு மேல கோபப்படணும்? நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா எங்களுக்குப் புரியும்."

பிராகோ மைக்கை நோக்கிக் குனிந்தாள். நாக்கு நுனியில் கதைகள் வரிசை கட்டி நின்றன. ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு கல்யாண வீடு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் விரல் நீட்டிக் காட்டத் தோதாக நடுவில் நின்றிருந்தார். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. ஸக்காரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டென்கோராங் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று, பேசு பேசு என்று காற்றில் கையைச் சுழற்றினார்.

ஜன்னலுக்குக் கீழே, வேன்கள் நிற்கும் இடத்தில், பயறு வடை சுட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியை வாணலியிலேயே விட்டுவிட்டு, பேச்சு நின்றுபோன தன் சின்ன வானொலியை எடுத்து உள்ளங்கையில் ஒருமுறை தட்டினாள். பிறகு அதைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, வடை கருகுவதையும் பாராமல், அசையாமல் நின்றாள்.