வலப்பக்கம் மேலே

வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு, விடுதியில் கொடுத்த பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு வந்த இகராஷியைக் கண்டதும் விடுதிக்காரி மினேயின் முகம் வெளுத்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அறைக்குப் போய் உட்கார்ந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் மினே தேநீர் கொண்டுவந்தாள். அது ஆறுவதற்குள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நின்றாள். பிறகு, காலையில் மீன் வறுக்கவா சுடவா என்று கேட்க வந்தாள். அடுத்து, சமையல் பார்க்கும் அவள் தம்பி சதுரங்கப் பலகையோடு வந்து உட்கார்ந்து, வேண்டுமென்றே தோற்றான்.

மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவி ஃபுசாயே கண்ணை மூடியதிலிருந்து அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு ஈ காக்கைகூடக் கேட்டதில்லை.

தம்பி போனதும் மினே திரும்பவும் வந்தாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கியில வலப்பக்கம் இடப்பக்கத்துக்கு மேல வந்திருக்கு. செத்தவங்களுக்குத்தானே அப்படிக் கட்டுவோம்? தனியா வேற வந்திருக்கீங்க. ஜன்னலுக்குக் கீழ ஆறு. ஏதாவது பண்ணிக்கப்போறீங்களோன்னுதான் நானும் தம்பியும் மாத்தி மாத்தி வந்து பாத்தோம்."

இகராஷி சிரித்துவிட்டார். "சாகவாம்மா? இந்தக் குளிர்லயா? எனக்குக் கட்டத் தெரியாது, அவ்வளவுதான். எங்க போனாலும் அவதான் கட்டிவிடுவா."

"அட, இவ்வளவுதானா? இடப்பக்கம் மேல வரணும், இதோ இப்படி." தன் உடையைத் தொட்டுக் காட்டினாள். "இனிமே தொந்தரவு பண்ண மாட்டோம். நிம்மதியா இருங்க."

சொன்னபடியே அதன்பின் யாரும் வரவில்லை. காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது பக்கத்து அறையோடு நின்றுவிட்டது. உண்மையைச் சொல்லித் தொலைத்தோமே என்று இருந்தது அவருக்கு.

காலையில் அங்கியைச் சரியாகத்தான் கட்டினார். கண்ணாடியில் பார்த்தார். அவிழ்த்தார். வலப்பக்கத்தை மேலே போட்டு முடிச்சிட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

மினே பார்த்துவிட்டாள். "நேத்துதானே காட்டினேன்?"

"மறந்துட்டேன்."

அவர் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். இடைக்கச்சையை அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே இழுத்துவிட்டு, மெல்ல இறுக்கிக் கட்டினாள். கட்டி முடிந்த பிறகும் அவர் இரண்டு கைகளையும் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.